பலூன் துப்பாக்கி பேக்சைட்: எந்தப் பக்கம் போகிறது, எங்கே தட்டுவது

கடலூர் முதுநகரில் என் பட்டறைக்கு வருவதெல்லாம் படகு எஞ்சின் சாமான்தான். மாசி மகத்துக்கு முன்னால் ஒரு பத்து நாள், ஆடியில் வீராம்பட்டினம் தேருக்கு முன்னால் ஒரு பத்து நாள், இந்த இரண்டு சமயத்தில் மட்டும் பலூன் கடைக்காரர்கள் கோணியில் சுருட்டிய துப்பாக்கியோடு வந்து நிற்பார்கள். எல்லாரும் சொல்வது ஒரே வார்த்தை: "அண்ணே, பேக்சைட் போயிடுச்சு, வேற மாட்டிக் குடுங்க." பேக்சைட் என்பது குறி பார்க்கக் கண்ணுக்குப் பக்கமாக இருக்கிற வி வெட்டுத் தகடு. பிரித்துப் பார்த்தால் அது பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். வேறெங்கோ ஒரு திருகு கழன்றிருக்கும், அந்தப் பழியைச் சுமப்பது இது.

இங்கே எழுதுவது குழலை மடக்கி, ஸ்பிரிங்கை இழுத்து, ஒரே ஒரு ரவை வைத்துச் சுடுகிற மரக்கட்டை போட்ட பழைய மாதிரி ஏர் ரைஃபிளுக்கு மட்டும். மருந்து இடிக்கிற நாட்டுத் துப்பாக்கி, தோட்டா போடுகிற ஒற்றைக்குழல் இதெல்லாம் என் பட்டறைக்குள்ளேயே வராது. 1959 ஆயுதச் சட்டப்படி அவற்றைப் பழுது பார்க்கவே தனி உரிமம் வேண்டும். பேக்சைட் மட்டும்தானே அண்ணே என்று கெஞ்சினாலும் உரிமம் உள்ள துப்பாக்கிக் கடையைக் கைகாட்டிவிடுவேன். ஏர் ரைஃபிளிலும் 4.5 மி.மீ.க்குப் பெரிய குழல், அல்லது 20 ஜூலுக்கு மேல் ஆற்றல் என்றால் 2016 ஆயுத விதிகளின்படி அதுவும் உரிமச் சரக்குதான்.

எந்த வேலைக்கும் முன்னால் குழலை மடக்கி உள்ளே ரவை இல்லை என்று கண்ணால் பாருங்கள். ஸ்பிரிங் இழுபட்ட நிலையில் சைட் வேலை பார்க்கவே கூடாது. மடக்கிய குழல் படாரென்று மூடினால் நடுவில் இருக்கிற விரல் அவ்வளவுதான்.

முதலில் ஐந்து ரவை

ஆளை நிற்க வைத்துச் சுடச் சொல்லிப் பயனில்லை. மேசைமேல் மணல் மூட்டை வைத்து, முன்கட்டையைக் கைமேல் படுக்க வைத்து, 5 மீட்டரிலோ 10 மீட்டரிலோ காகிதம் ஒட்டி, ஒரே புள்ளியைப் பார்த்து ஐந்து ரவை சுடுங்கள். காகிதத்துக்குப் பின்னால் பழைய துணி திணித்த பெட்டி இருக்கட்டும், தகரத்தில் பட்டுத் திரும்பிய ரவை என் கன்னத்தைப் பதம் பார்த்திருக்கிறது. கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

ஐந்து துளையும் ஒரே இடத்தில் கூட்டமாக விழுந்து, ஆனால் புள்ளியை விட்டு விலகியிருந்தால் அது சைட் விஷயம். கீழே உங்களுக்குப் பொருந்தும் தலைப்புக்குப் போங்கள். மூலைக்கு ஒன்றாகச் சிதறினால் பேக்சைட்டைத் தொடாமல் அடுத்த தலைப்பைப் படியுங்கள்.

துளைகள் சிதறுகின்றன

முதல் சந்தேகம் கட்டைத் திருகு. முன்கட்டையில் பக்கத்துக்கு ஒன்று, டிரிகர் வளையத்தில் ஒன்றோ இரண்டோ இருக்கும். ஸ்பிரிங் துப்பாக்கி சுடும்போது முன்னும் பின்னும் இரண்டு தடவை உதறும், அந்த உதறலில் இவை தளர்ந்துகொண்டே போகும். எல்லாவற்றையும் இறுக்கிவிட்டு மறுபடி ஐந்து ரவை. கோணியில் வருகிற துப்பாக்கிகளில் பாதி இத்தோடு சரியாகித் திரும்பிப் போகிறது, இதற்கு நான் காசு வாங்குவதில்லை, டீயோடு சரி.

அடுத்தது ரவை. நசுங்கியது, போன திருவிழாவில் தரையிலிருந்து பொறுக்கியது, இதெல்லாம் போட்டால் எந்த சைட்டாலும் காப்பாற்ற முடியாது. புது டப்பாவிலிருந்து எடுத்துச் சுட்டுப் பாருங்கள்.

அப்புறம் எண்ணெய். வேகம் குறைந்தால் குழல் ஓட்டையில் தேங்காய் எண்ணெய் விடுகிற பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. அது உள்ளே அழுத்தத்தில் பற்றிக்கொண்டு, ஒரு வெடி பட்டாசு மாதிரி சத்தத்தோடும் புகையோடும் மேலே போகும், அடுத்தது சாதாரணமாகக் கீழே விழும். வாயில் நீலப் புகையும் கருகல் வாசனையும் வந்தால் இதுதான். குழலைத் துணி விட்டுத் துடைத்து, இருபது முப்பது ரவை சுட்டால் அடங்கும். அடங்காவிட்டால் உள்ளே பிஸ்டன் வாஷரும் ஸ்பிரிங்கும் பார்க்க வேண்டும். ஸ்பிரிங்கை நீங்களே கழற்ற வேண்டாம், அழுத்தத்தில் இருக்கிற ஸ்பிரிங் கழன்றால் அது போகிற பாதையில் எது நின்றாலும் உடையும். இங்கேயே விவரம் தெரிந்தவரிடம் போய்விடுங்கள்.

கூட்டமாக இடதுபக்கம் (அல்லது வலதுபக்கம்) விழுகிறது

ரவை எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் பேக்சைட்டை நகர்த்த வேண்டும். இடதுபக்கம் விழுந்தால் பேக்சைட் வலதுபக்கம். குழல் நுனியில் நிற்கிற ஃபோர்சைட்டுக்கு நேர் எதிர், ரவை போகிற பக்கமே அதைத் துரத்த வேண்டும். குழப்பிக்கொள்பவர்கள் பேக்சைட்டை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் நகர்த்துவதற்கு முன்னால் ஃபோர்சைட்டைப் பாருங்கள். கடையில் துப்பாக்கியைத் தலைகீழாக மணலில் ஊன்றி வைப்பார்கள், பையன்கள் கீழே போடுவார்கள், குழல் நுனியில் இருக்கிற அந்தச் சின்னத் தகடு ஒரு மில்லி சாய்ந்தால் போதும். குழலைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பின்னாலிருந்து பார்த்தால் சாய்வு தெரியும். வலதுபக்கம் சாய்ந்திருந்தால் ரவை இடதுபக்கம் போகும். பித்தளைத் துண்டு வைத்து மெல்லத் தட்டி நிமிர்த்துங்கள்.

அது நேராக இருந்தால், பேக்சைட்டின் பக்கத்திருகு. கால் சுற்று, சுட்டுப் பார், மறுபடி கால் சுற்று, இதுதான் முறை. பக்கத்திருகு இல்லாத பழைய மாதிரியில் சைட் ஒரு டவ்டெயில் பள்ளத்தில் (அடி அகன்று வாய் குறுகிய பள்ளம்) குறுக்காக உட்கார்ந்திருக்கும், அதைத் தட்டித்தான் நகர்த்த வேண்டும். எவ்வளவு தட்டுவது? இரண்டு சைட்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை, ரவை விலகிய அளவால் பெருக்கி, சுடும் தூரத்தால் வகுத்தால் விடை. சைட் இரண்டுக்கும் நடுவே 40 செ.மீ., சுடும் தூரம் 10 மீட்டர், விலகல் 5 செ.மீ. என்றால் 2 மி.மீ. நகர்த்த வேண்டும். 1 செ.மீ. விலகலுக்கு வெறும் 0.4 மி.மீ. இந்தக் கணக்கைப் போடாமல் சுத்தியலால் ஒரே போடு போட்டு, இந்தப் பக்கம் போனதை அந்தப் பக்கம் கொண்டுபோய்விட்டு, திரும்ப இந்தப் பக்கம் தட்டி, பள்ளத்தையே தளர்த்திக்கொண்டு வருபவர்கள்தான் எனக்கு அதிகம். தட்டும் முன்னால் பென்சிலால் சைட்டிலும் குழலிலும் சேர்த்து ஒரு கோடு கிழியுங்கள், எவ்வளவு நகர்ந்தது என்று கோடு காட்டும்.

காலையில் சரியாக இருந்தது, சாயங்காலம் ஒரு பக்கம் போகிறது என்றால் துப்பாக்கியில் ஒன்றுமில்லை, வெளிச்சம். தேய்ந்து பளபளக்கிற ஃபோர்சைட்டில் சாய்வெயில் பட்டால், மின்னுகிற விளிம்பை மட்டும் கண் எடுத்துக்கொள்ளும், குழல் வெளிச்சத்துக்கு எதிர்ப்பக்கம் ஒதுங்கும். ஒரு வில்லை கற்பூரம் கொளுத்தி, அதன் புகையில் தகட்டைக் காட்டினால் கன்னங்கரேலென்று கரி படியும். கடையில் விற்கிற எந்த மையும் இதற்கு ஈடு கிடையாது.

இதெல்லாம் பார்த்தும் சரிவரவில்லை என்றால், பேக்சைட் எதன்மேல் இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலான துப்பாக்கியில் இரண்டு சைட்டுமே மடங்குகிற குழல் பகுதியில் இருக்கும், அப்போது மடிப்பு கொஞ்சம் ஆடினாலும் சைட்டும் கூடவே ஆடுவதால் பெரிதாகத் தெரியாது. பேக்சைட் பின்னால் பிஸ்டன் ஓடுகிற குழாய்மேல் இருந்தால் கதை வேறு. மடிப்பு போல்ட் தளர்ந்தால் குழல் ஒரு பக்கம், சைட் ஒரு பக்கம். குழலை மூடிவைத்துக்கொண்டு நுனியைப் பக்கவாட்டில் ஆட்டுங்கள், கையில் ஆட்டம் தெரிந்தால் போல்டை இறுக்க வேண்டும். இறுக்கியும் ஆடினால் வாஷர் தேய்ந்திருக்கிறது, லேத்துப் பட்டறைக்கு எடுத்துப் போக வேண்டியதுதான்.

மேலே மேலே போகிறது, பேக்சைட்டை ஏற்றி இறக்குகிற சக்கரம் அடிவரை இறக்கியாகிவிட்டது

இந்தப் புகார் வந்தால் நான் முதலில் கேட்பது, "யாராவது குழல் மடக்கியிருக்கும்போது டிரிகரை இழுத்தார்களா?" கடைக்காரர் இல்லவே இல்லை என்பார், பக்கத்தில் நிற்கிற பையன் தரையைப் பார்ப்பான். அப்படி இழுத்தால் குழல் படாரென்று அடித்து மூடும், அந்த அடியில் குழலின் வேர்ப்பகுதி மேல்நோக்கி வளையும். கண்ணுக்கு எளிதில் தெரியாது. ஃபோர்சைட்டைக் கழற்றிவிட்டு ஒரு அடி இரும்பு ஸ்கேலைக் குழல்மேல் நீளவாக்கில் விளிம்பில் நிறுத்தி, பின்னால் விளக்கு காட்டுங்கள். அடியில் எங்காவது வெளிச்சம் கசிந்தால் வளைந்திருக்கிறது.

வளையவில்லை என்றால் மலிவான காரணங்கள் இருக்கின்றன. பேக்சைட் தகட்டுக்கு அடியில் மணல் புகுந்து முழுதாக இறங்காமல் நிற்கும், கழற்றி ஊதினால் சரி. கடற்கரை கடையில் இது சாதாரணம். படிப்படியாக வெட்டிய ஆப்பு வைத்த மாதிரி என்றால் ஆப்பு மேல்படியில் சிக்கியிருக்கும். ஃபோர்சைட் நுனி உடைந்து குட்டையாகியிருந்தாலும் ரவை மேலே போகும், அதற்கு உயரமான புதுத் தகடு போட வேண்டும். இருக்கிற தகட்டின்மேல் எம்-சீல் வைத்து உயர்த்தாதீர்கள். அப்படி உயர்த்திய ஒன்று என்னிடம் வந்தது, அரிசிமணி அளவில் ஆரம்பித்துத் திருவிழாவுக்குத் திருவிழா ஏற்றி ஏற்றி நாவல் பழம் மாதிரி ஆக்கி வைத்திருந்தார்கள்.

வளைந்த குழலை முழங்காலில் வைத்து நிமிர்த்துவது, வைஸில் கடித்து இழுப்பது எதுவும் வேண்டாம். வளைத்து நிமிர்த்துவதற்கென்று பழகிய கை வேண்டும். அது என் வேலையும் இல்லை, ஏர்கன் மட்டும் பார்க்கிறவருக்கு அனுப்பிவிடுவேன். சில சமயம் புதுக் குழலே மலிவாக முடியும்.

கீழே விழுகிறது

தூரத்தைக் கேளுங்கள். சைட் குழலுக்கு 2 செ.மீ. போல உயரத்தில் இருக்கிறது, 10 மீட்டருக்குச் சரிசெய்த துப்பாக்கியை 5 மீட்டரில் சுட்டால் ஒரு செ.மீ. போலக் கீழே விழுவது நியாயம்தான். கடை எவ்வளவு தூரத்தில் பலூன் கட்டுகிறதோ அந்தத் தூரத்துக்கே வைத்துக் கொடுக்க வேண்டும்.

தூரம் சரி, சக்கரம் மேல்முட்டும் வரை ஏற்றியாகிவிட்டது, இன்னும் கீழேதான் என்றால் இரண்டு வழி. ஸ்பிரிங் களைத்து வேகம் போயிருக்கலாம், ரவை காகிதத்தில் வட்டமாக ஓட்டை போடாமல் கிழிக்கிறதா பாருங்கள். வேகம் இருக்கிறது என்றால் ஃபோர்சைட் உயரம். தலையை அரத்தால் தேய்த்தால் ரவை மேலே வரும். மேலே சொன்ன அதே கணக்கு, 10 மீட்டரில் 1 செ.மீ.க்கு 0.4 மி.மீ. இரண்டு இழுப்பு, சுட்டுப் பார், இரண்டு இழுப்பு. தேய்த்ததைத் திரும்ப ஒட்ட முடியாது.

பேக்சைட்டே வெடிக்கு வெடி நகர்கிறது

விரலால் அசைத்துப் பாருங்கள். திருகு போட்ட மாதிரி என்றால் திருகைக் கழற்றி, மரையில் உள்ள எண்ணெயைப் பெட்ரோல் விட்டுத் துடைத்து, திருகு தளராமல் பிடிக்கிற பசையான லாக்டைட், நீல நிறத்தில், ஒரு சொட்டு விட்டு இறுக்குங்கள். சிவப்பு வேண்டாம், பிறகு சூடு காட்டாமல் வராது. லாக்டைட் இல்லையா, வீட்டில் நெயில் பாலிஷ் கேட்டு வாங்குங்கள், ஒரு திருவிழா தாங்கும்.

திருகு சுற்றிக்கொண்டே இருந்து இறுகவில்லை என்றால் மரை போய்விட்டது. பழைய துப்பாக்கியில் மரை மெட்ரிக்காக இல்லாமல் பி.ஏ. என்கிற பழைய பிரிட்டிஷ் மரையாக இருக்கலாம், அதில் கையில் கிடைத்த மெட்ரிக் திருகைத் திணித்தால் முதல் தடவை இறுகுவது மாதிரி இருக்கும், இரண்டாம் தடவை மரையோடு வந்துவிடும். பழைய திருகை எடுத்துப்போய் அதேமாதிரி தேடுங்கள். புதுச்சேரியில் ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தையில் பழைய இரும்புக் குவியலைக் கிளறுவது எனக்கு ஒரு பொழுதுபோக்கு, என் டப்பாவில் இருக்கிற பி.ஏ. திருகெல்லாம் அங்கே வந்தவைதான்.

டவ்டெயில் தளர்ந்திருந்தால் சைட்டைக் கழற்றி, பள்ளத்தின் அடியில் அளந்து வெட்டிய மெல்லிய பித்தளைத் தகடு வைத்து, மறுபடி தட்டி ஏற்றுங்கள். பித்தளை இல்லாவிட்டால் பீர் டின் தகடு, ஏறக்குறைய 0.1 மி.மீ. கனம் இருக்கும். புதுச்சேரிப் பக்கம் அதற்குப் பஞ்சம் கிடையாது. தகடும் வேண்டாம் என்பவர்கள் சைட்டின் அடிப்பாகத்தில் சென்டர் பஞ்சால் நாலு புள்ளி குத்துவார்கள், புள்ளியைச் சுற்றி இரும்பு எழும்பிப் பிடித்துக்கொள்ளும். இதுவும் நல்ல வழிதான். பள்ளத்தின் உதட்டைச் சுத்தியலால் அடித்து மடக்குவது மட்டும் கூடவே கூடாது, அது குழலோடு போகிற சேதம். வெல்டிங் வைத்துக் கொடுக்கச் சொல்லி ஒருவர் மூன்று தடவை வந்தார், மூன்று தடவையும் முடியாது என்றேன்.

பழைய பாணி இரும்பு சைட் வாங்கியாகிவிட்டது, பள்ளத்தில் ஏற மறுக்கிறது

பிளாஸ்டிக் சைட் வெயிலில் பொரிந்து உடைந்தபிறகு, பழைய மாதிரி இரும்பு இலை சைட் வாங்கிக்கொண்டு வருகிறார்கள். நல்ல முடிவு, ஆனால் வாங்கும் முன்னால் அளக்க வேண்டும். வெர்னியரில் இரண்டு அளவு: பள்ளத்தின் அகலம், குழல்மேலிருந்து பழைய சைட்டின் வி வெட்டு அடிவரை உயரம். வெளிநாட்டுப் பழைய மாதிரி சைட்டுகள் பலவும் அங்குலத்தில் எட்டில் மூன்று, அதாவது 9.5 மி.மீ. பள்ளத்துக்குச் செய்தவை. ஏர் ரைஃபிளின் குழாய்மேல் நீளவாக்கில் ஓடுகிற 11 மி.மீ. தடம் வேறு, அது டெலஸ்கோப்புக்கு. இரண்டையும் குழப்பி வாங்கி வந்தால் எந்த அரமும் உதவாது. உயரம் 3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் என்றால் மாட்டவே வேண்டாம், ஃபோர்சைட்டையும் மாற்ற நேரிடும்.

அளவு கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது, கொஞ்சம்தான் இறுக்கம் என்றால் தேய்க்க வேண்டியது சைட்டின் காலை. பள்ளத்தை இல்லை. சைட் போனால் இன்னொன்று வாங்கலாம். முக்கோண அரத்தில் ஒரு முகத்தைச் சாணையில் வழவழப்பாக்கிவிட்டால் அந்த முகம் வெட்டாது, சாய்ந்த ஓரத்தைத் தேய்க்கும்போது அடிப்பாகத்தைக் கடிக்காமல் இருக்கும். கட்டை விரலால் அழுத்தி மூன்றில் ஒரு பங்கு உள்ளே போனால் போதும், நிறுத்திவிடுங்கள். மீதியைப் பித்தளைக் குச்சி வைத்துச் சின்னச் சுத்தியலால் தட்டி ஏற்றலாம். முழுதும் விரலிலேயே போகிறது என்றால் அதிகமாகத் தேய்த்துவிட்டீர்கள், பீர் டின் தேடுங்கள்.

எந்தப் பக்கமிருந்து ஏற்றுவது என்று கேட்பார்கள். சுடுகிறவர் பார்வையில் வலதுபக்கமிருந்து இடதுபக்கம் ஏற்றுவதும், இடதிலிருந்து வலதுக்குத் தட்டிக் கழற்றுவதும் வழக்கம். பழைய சைட்டைக் கழற்றும்போது ஒரு பக்கம் அசையவே இல்லை என்றால் ஓங்கி அடிக்காமல் மறுபக்கம் முயன்று பாருங்கள், முன்னால் வேலை பார்த்தவர் தலைகீழாக ஏற்றியிருக்கலாம்.

குழலை வைஸில் பிடிக்கும்போது இரண்டு பக்கமும் மரத்துண்டோ தோலோ வையுங்கள். சைட் ஏறியபிறகு இலை குழலுக்குச் செங்குத்தாக நிற்கிறதா, ஃபோர்சைட் வி வெட்டின் நடுவில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ரவை.

பள்ளமே இல்லாத குழலில் திருகு போட்டு மாட்ட நினைப்பவர்களுக்கு: 15 மி.மீ. கனக் குழலில் 4.5 மி.மீ. ஓட்டை போக ஒரு பக்கம் 5 மி.மீ.தான் இரும்பு மிச்சம், துளை 3 மி.மீ. ஆழத்தைத் தாண்டக்கூடாது, அதற்கு டிரில்லிங் மெஷினில் ஆழம் கட்டி அடிக்க வேண்டும். கை டிரில்லில் வேண்டாம், டர்னரிடம் கொடுங்கள். பின்னால் பிஸ்டன் ஓடுகிற குழாயில் மட்டும் டர்னரே கேட்டாலும் துளை போட விடாதீர்கள், உள்ளே சின்னப் பிசிறு இருந்தாலும் வாஷரைக் கிழித்துவிடும்.

திருகு துருப்பிடித்து அசையவில்லை

உப்புக்காற்று வேலை. திருப்புளி பள்ளத்துக்குச் சரியான அகலம் இல்லாவிட்டால் முதலில் அதை மாற்றுங்கள். துரு இளக்கும் எண்ணெயை விட்டு ராத்திரி முழுக்க விடுங்கள், காலையில் திருப்புளியை வைத்து அதன் தலையில் இரண்டு தட்டு தட்டிவிட்டுத் திருப்புங்கள். மறுத்தால் இன்னொரு ராத்திரி. திருகுத் தலை உடைந்துபோனால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உடைந்த திருகை எடுப்பது லேத்துக்காரர் வேலை, நீங்கள் கோணலாக ஒரு துளை போட்டுவிட்டுக் கொண்டுபோனால் அவர் இரண்டு பங்கு கூலி கேட்பார், அது நியாயமும்கூட.

வி வெட்டு மங்கலாகத் தெரிகிறது

நாற்பதைத் தாண்டியவர்கள் சொல்வது இது. பேக்சைட் கண்ணுக்கு அருகில் இருப்பதால் மங்கும், மங்கட்டும். கூர்மையாகத் தெரிய வேண்டியது ஃபோர்சைட் மட்டும். அதுவும் தாங்கவில்லை என்றால் பேக்சைட்டைக் குழலில் முன்னால் தள்ளி மாட்டலாம், கண்ணிலிருந்து விலக விலகத் தெளியும். வெட்டு ரொம்பக் குறுகலாக இருந்தால் ஊசி அரத்தால் இரண்டு பக்கமும் சமமாகக் கொஞ்சம் அகலமாக்குங்கள், ஃபோர்சைட்டின் இருபுறமும் வெளிச்சக் கீற்று தெரிகிற அளவுக்கு.

போன ஆடியில் ஒரு பெரியவர் இதே புகாரோடு வந்தார். சைட்டைக் கழற்றி மூன்று விரல் முன்னால் தள்ளி மாட்டினேன், கற்பூரம் காட்டினேன், மறுபடியும் மங்கல் என்றார். என் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தேன். ஐந்தில் நாலு பலூன். சைட்டைப் பழைய இடத்துக்கே மாற்றிக் கொடுத்துவிட்டுக் கண் டாக்டரிடம் அனுப்பினேன்.